மைக்செட் ஹலீம் இறக்கிய சத்தம்

"அப்படின்னா மைக் தானா அணைஞ்சிச்சாம்மா?" என்று கேட்டாள் மயிலம்மாள். மாவு மில்லின் இரைச்சலுக்கு மேலே எழும்பவேண்டும் என்று கத்தித்தான் கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தானா அணைஞ்சிச்சுன்னு நான் சொன்னேனாக்கா?" என்றாள் சுராயா. "எங்க வீட்டுக்காரரு யார்கிட்டயும் காசு வாங்கலைன்னுதான் சொன்னேன்."

"காசு வாங்காமயா ஒருத்தன் மந்திரிக்காக நடிகரோட மைக்கை அணைப்பான்? அதுவும் அவரு ஆத்து மணலைப் பத்திப் பேசுறப்ப பார்த்து?"

"மந்திரிக்காக அணைக்கல."

"பின்ன யாருக்காக?"

சுராயாவுக்குப் பதில் பல்லுவரை வந்துவிட்டது. பின்னாலேயே புருஷன் முகமும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"பார்த்தியா, பதில் இல்ல," என்று மயிலம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"காசு வாங்கினவன் பொண்டாட்டி ரேஷன் கோதுமையத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நிப்பாளா? மண்டையில மசாலா இருந்தா யோசிங்கக்கா. இல்லைன்னா இந்த மில்லுலயே கொஞ்சம் அரைச்சு வாங்கிட்டுப் போங்க!" என்றாள் சுராயா.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மயிலம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுராயாவுக்கு அழுகையாக வந்தது. சண்டையில் ஜெயித்துவிட்டு அழுதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சுராயா சண்டைக்காரிதான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். பொய்க்காரி இல்லை. அவள் புருஷன் அப்துல் ஹலீம் அந்த நடிகரின் மைக்கை இறக்கினார் என்பது உண்மை. கை அவருடையதுதான். ஏன் இறக்கினார் என்பதைத்தான் இந்த ஊர் கடைசிவரை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை.

திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் போகிற சந்து ஒன்றில் 'சலாம் சவுண்ட் சர்வீஸ்' இருந்தது. ஹலீமின் அத்தா அப்துல் சலாம் வைத்த கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர், தர்கா கந்தூரி, ஸ்ரீரங்கத்து உபன்யாசம், எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். ஹலீமுக்குப் படிப்பு ஏறவில்லை. காது மட்டும் அபாரம். அடுத்த தெருவில் ஒரு ஸ்பீக்கர் கரகரத்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கை அந்தரத்தில் நிற்கும்.

அத்தா ஒரு வழக்கம் வைத்திருந்தார். மைக்செட் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால், சத்தத்தை இறக்கிவிட வேண்டும். பாங்கு முடிந்த பிறகு ஏற்ற வேண்டும். மாதா கோயிலில் மணி அடித்தாலும் அப்படித்தான். தெருவில் பெருமாள் புறப்பாடு வந்தாலும், யார் வீட்டுப் பாடையாவது போனாலும் அப்படித்தான். மேடையில் பேசுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. "நம்மளுது வாடகைச் சத்தம்டா. அவங்களுது அப்படி இல்ல" என்பாராம். அந்தக் காலத்துப் பேச்சாளர்களுக்கு இது பழக்கம். சத்தம் இறங்கியதும் அவர்களே நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்து, ஒரு வாய் சோடா குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

அத்தா போன பிறகும் ஹலீமின் கை அதை விடவில்லை. யோசித்துச் செய்கிற காரியமாக அது இல்லை. கொட்டாவி வந்தால் வாய்க்குக் கை போகிறதே, அதுபோல அந்தக் கை சத்தத்தை ஏற்றி இறக்குகிற குமிழுக்குப் போகும்.

வீட்டில் அவர் குரல் உயர்ந்து சுராயா கேட்டதில்லை. கல்யாணமான புதிதில், "கொஞ்சம் மெதுவாப் பேசேன் சுராயா" என்று ஒருநாள் கெஞ்சினார். "குமிழ் உங்க கடையில இருக்கு மச்சான். என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று அவள் சொன்னதைக் கேட்டு மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிப்பட்ட வீடு அது.

அந்த விருது விழாவை நடத்தியது உள்ளூர்க் கேபிள் சேனல் ஒன்று. பாலக்கரைப் பக்கத்தில் ஒரு மைதானம். சினிமாக்காரர்கள் வருகிறார்கள் என்று சாயங்காலமே கூட்டம் கம்பி வேலி மேல் ஏறிவிட்டது. ஹலீம் கருநீல யூனிஃபார்ம் சட்டை போட்டு, மேடைக்குப் பக்கவாட்டில் மிக்ஸர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டீபன்ராஜ். கடையில் கூடமாட வேலை செய்கிறவன், அவனுக்கும் அதே சட்டை.

ஆரம்பத்திலிருந்தே விழா கோணலாகத்தான் போனது. சிறந்த வில்லனுக்கு வைத்திருந்த கேடயத்தை ஒரு பக்திப் பாடகிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தம்மாளும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். விருது கொடுக்க வந்திருந்த மந்திரி போர்த்திய பொன்னாடையின் குஞ்சம் அவர் மோதிரத்திலேயே மாட்டிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து பிரித்தெடுத்தார்கள். ஜனங்கள் விசிலடித்தார்கள். ஹலீம்கூடச் சிரித்தார் என்று ஸ்டீபன்ராஜ் பிற்பாடு சொன்னான்.

கடைசியாக நடிகர் மாறவேல் விருது வாங்க வந்தார். வாங்கியதும் மைக்கைப் பிடித்தார். "விருது கொடுத்தவர் பக்கத்துலயே நிக்கிறார். இருந்தாலும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். கொள்ளிடத்தில் மணல் அள்ளுகிறார்கள், படுகையெல்லாம் பள்ளம், அள்ளுகிறவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் என்றார். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. மந்திரி முகம் சுருங்கிவிட்டது. ஹலீமுக்குச் சிலிர்த்தது. பையனாக இருந்தபோது நீச்சலடித்த ஆறு அது. "நல்லாப் பேசுறாருடா" என்று ஸ்டீபன்ராஜிடம் சொன்னார்.

"அந்தப் பேரைச் சொல்லட்டுமா?" என்று மாறவேல் கேட்டார். கூட்டம் "சொல்லு, சொல்லு" என்று அலறியது.

ரெண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிவாசலில் அப்போதுதான் ராத்திரித் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு எடுத்தார்கள். அந்தக் கூச்சலில் மைதானத்தில் இருந்த ஒருத்தர் காதிலும் அது விழுந்திருக்காது. ஹலீம் காதில் விழுந்தது. கை குமிழைத் திருப்பிவிட்டது.

நடிகரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பழைய காலத்துப் பேச்சாளராக இருந்தால் சோடா குடித்திருப்பார். மாறவேல் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மிக்ஸர் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கிக் கீழே போட்டு, "என் வாயை அடைச்சிட்டாங்க! பார்த்துக்குங்க!" என்று வெறுந்தொண்டையில் கத்தினார். ஹலீமுக்கு அப்போதுதான் தன் கை செய்தது தெரிந்தது. பதறிக்கொண்டு குமிழை ஏற்றினார். ஏற்றி என்ன? மைக் ரெண்டு துண்டாகக் கிடந்தது. நாற்காலிகள் பறந்தன. மந்திரியைப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பக்திப் பாடகி வில்லன் கேடயத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போனார்.

வேலி மேல் ஏறி நின்ற ஒரு பயல் ஃபோனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தான். ஒரு கருநீலச் சட்டைக் கை, குமிழ், திருப்புகிறது. முகம் தெரியவில்லை. விடிவதற்குள் அந்தக் கையை நாடே பார்த்துவிட்டது.

காலையில் ஸ்டீபன்ராஜ் வீட்டுக்கு ஓடிவந்தான். "அண்ணே, கை மட்டும்தான் தெரியுது. என் கைன்னு சொல்லிடறேன். சின்னப்பய, தெரியாமத் திருப்பிட்டேன்னு சொன்னா நாலு அடியோட விட்டுடுவானுங்க."

"உனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்கடா. பேசாமப் போய் டீ குடி."

"அப்ப உள்ளதச் சொல்லுங்கண்ணே. பாங்கு கேட்டுச்சு, இறக்கினீங்க. எனக்குத் தெரியும்ல?"

ஹலீம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சுராயா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

"அதத்தான் சொல்லக் கூடாது," என்றார் ஹலீம். "சொன்னா நாளைக்கு என்ன போடுவான் தெரியுமா? பாங்குக்காக நடிகரோட வாயை அடைச்சாங்கன்னு போடுவான். இப்ப என் மேல மட்டும்தான் கோவம். அப்புறம் அந்தப் பள்ளிவாசல் முன்னாடி வந்து நிப்பானுங்க. அங்க இருக்கிறது பாங்கு சொல்ற ஒரு வயசான மோதினாரு. அவரு என்ன பண்ணுவாரு?"

"மாதா கோயில் மணிக்கும் இறக்குறீங்க, ரங்கநாதர் புறப்பாட்டுக்கும் இறக்குறீங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க மச்சான்!"

"பாதி கேட்டதுமே ஓடிருவான் சுராயா. மீதி யாருக்கு வேணும்?"

அவள் கத்தினாள், அழுதாள், பாத்திரத்தைப் போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து, யாரிடமும் இதைச் சொல்லக் கூடாது என்று தங்கள் ஒரே மகள் ஷஹனாஸ் பேரில் சத்தியம் வாங்கினார். மாவு மில்லில் அவள் வாயைக் கட்டியது அந்தச் சத்தியம்தான்.

அதோடு போயிருந்தாலும் கொஞ்ச நாளில் ஆறியிருக்கும். மூணாம் நாள் கடை வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. மந்திரியின் ஆள் ஒருவர், வெள்ளை வேட்டி, கூட நாலு பேர். ஹலீம் ஒரு பழைய ஹாரன் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஜரிகைப் பொன்னாடையை விரித்து அவர் தோளில் போட்டுவிட்டார். "நல்ல நேரத்துல கை குடுத்தீங்க பாய். அண்ணன் மறக்க மாட்டாரு."

"ஐயா, அது நான் உங்களுக்காக..." என்று ஹலீம் ஆரம்பித்தார்.

"புரியுது பாய், புரியுது. வெளிய சொல்ல முடியாது," என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டு அந்த ஆள் காரில் ஏறினார். கூட வந்தவன் ஒருத்தன் ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டான். ஹலீம் ஒரு கையில் ஹாரனும் தோளில் ஜரிகையுமாக நின்றார். எதிர்க்கடைப் பாத்திரக்காரரும், ஜவுளிக்கடைப் பெண்களும், காய்கறி வாங்கப் போன மயிலம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை யாருடையது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எதற்காகத் திருப்பினார் என்பதும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி கடைப் பலகையில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள். பிறகு ஒவ்வொரு விழாவாகக் கைவிட்டுப் போயிற்று. மாறவேல் ரசிகர்கள் கல்லெறிவார்கள் என்று பயந்தவர்கள் சிலர். மந்திரியின் ஆள் என்று ஒதுங்கியவர்கள் சிலர். காதுகுத்துக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஜமாஅத்தில் ரெண்டு பேர், "ஆத்து மணலை விக்கிறவனுக்குத் துணை போனியாமே" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஹலீம் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டினார். காலேஜிலிருந்து வந்து ஃபோனில் வருகிற ஏச்சுகளைக் காட்டிக்கொண்டிருந்த ஷஹனாஸ் அதையும் நிறுத்திவிட்டாள்.

மார்கழி மட்டும் மிச்சம் என்று சுராயா நம்பியிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு சபா மார்கழி பூராவும் உபன்யாசம் நடத்தும். அத்தா காலத்திலிருந்து அதற்கு இவர்கள்தான் மைக்செட். அங்கிருந்தும் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டான். சுராயா புருஷனிடம் சொல்லாமல் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். சபாச் செயலாளர் ஹரிஹரசுதன் சித்திரை வீதியில் இருந்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இவளைக் கண்டதும் எழுந்தார்.

"வாம்மா சுராயா, உட்காரு. தீர்த்தம் எடுத்துண்டு வரச் சொல்றேன்."

"தண்ணி வேணாம் சாமி. அவரு அப்படிப்பட்ட ஆளா? நீங்க சொல்லுங்க. எத்தனை வருஷமாப் பார்க்குறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். "அந்த வீடியோவை எம்பிள்ளை காட்டினான். பார்த்தவுடனே நேக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு அங்கே பாங்கு சொல்லியிருப்பா. இல்லையா?"

சுராயாவுடையது சத்தியம் செய்த வாய், அதனால் பேசவில்லை. கண் பேசிவிட்டது.

"எம்பெருமான் வீதியில எழுந்தருளறச்சே எத்தனை உபன்யாசத்தை இறக்கியிருக்கான்! அவன் கையைப் பத்தி நேக்குத் தெரியாதா?"

"அப்படின்னா நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமே சாமி. நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

"கமிட்டில ரெண்டு பேர்கிட்ட மெதுவாச் சொல்லிப் பார்த்தேம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "'ஓஹோ, அதுக்குத்தான் இறக்கினானா, அப்படின்னா அவனை இனிமே வீதிக்குள்ளயே விடப்படாது'ங்கறார் ஒருத்தர். புறப்பாட்டுக்கு இறக்கினதை நான் சொல்றதுக்குள்ளயே எழுந்து போயிட்டார். அதை வெளியில பரப்பாம அவர் வாயை மூடவைக்கறதுக்குள்ள எனக்குப் பிராணன் போயிடுத்து. சொல்லாம இருக்கறதுதாம்மா அவனுக்கு நல்லது. எனக்கு அவ்வளவுதான் தெம்பு."

சுராயா எழுந்தாள். கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் கோபமும் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டி நின்று நின்று போனது. புருஷன் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்துவிட்டது. அவர் சொன்னது தப்பாக இருக்கவேண்டும் என்று அவள் எவ்வளவு வேண்டியிருந்தாள்!

பொங்கலுக்கு முன்னால் இன்னொரு விருது விழாவை டிவியில் போட்டார்கள். சென்னையில் நடந்தது. ஷஹனாஸ் சேனலை மாற்றப் போனாள். "இருக்கட்டும்" என்றார் ஹலீம். மேடையில் மாறவேல். பக்கத்தில் அதே மந்திரி. ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாறவேல் ஏதோ அரசாங்கக் குழுவுக்குத் தலைவராகிவிட்டாராம். மைக்கைக் கையில் வாங்கியதும் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது வேலை செய்யுதா? திருச்சி மைக் இல்லையே? அன்னைக்கு அந்த மைக்செட்காரர் மட்டும் அணைக்கலைன்னா, நானும் அண்ணனும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருப்போம். அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்!" என்றார். அரங்கமே சிரித்தது. மந்திரி கைதட்டினார். கொள்ளிடத்தைப் பற்றி யாரும் ஒரு பேச்சும் பேசவில்லை.

சுராயா புருஷனைப் பார்த்தாள். இத்தனை மாதம் ஏச்சு வாங்கினபோதெல்லாம் அசையாத முகம் அது. இப்போது அதைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு அவரு நல்லாத்தான் பேசினாரு சுராயா," என்றார். "நான்தான் கெடுத்துட்டேன்னு இத்தனை நாளும் எனக்கு உறுத்தல்." எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சுராயாவின் தம்பி நஸ்ருல்லாவுக்கு அவரே ஃபோன் போட்டார். நஸ்ருல்லா மஸ்கட்டில் ஒரு பெரிய கடையின் கிடங்கில் வேலை பார்க்கிறான். பெட்டி அடுக்குகிற வேலை ஒன்று இருந்தது. ஐம்பதை நெருங்குகிற மனுஷன் போய்ப் பெட்டி அடுக்குவதா என்று சுராயா சண்டை போட்டாள். "அங்க யாருக்கும் என் கையத் தெரியாது" என்றார். திருவெறும்பூர்க்காரர் ஒருவர் கடையின் ஸ்பீக்கர் பெட்டிகளை விலைக்கு வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்டீபன்ராஜும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தான். வேனில் ஏறும்போது அந்தப் பையன் கண்ணைத் துடைத்தான்.

விமானம் ராத்திரிக்குத்தான். இருட்டிய பிறகு கிளம்பினால் யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று சுராயா சொன்னாள். "நான் எதுக்கு ஒளிஞ்சு போகணும்?" என்று அவர் கேட்டார். அவர் பிடிவாதத்துக்கு முன்னால் அவள் பிடிவாதம் நிற்காது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. நல்ல வெயிலில், மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஷஹனாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் நடந்தாள்.

நிலைப்படியில் நின்று, "கதவப் பூட்டிக்க. போயிட்டு வரேன்" என்றார்.

"மெதுவா அடுக்குங்க. இடுப்பு பத்திரம்," என்றாள் சுராயா. எவ்வளவோ சொல்ல வைத்திருந்தாள். அதுதான் வாயில் வந்தது.

அவர் இறங்கி நடந்தார். தெருவில் எல்லோரும் இருந்தார்கள். தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திப் பார்த்தார். மயிலம்மாள் கையில் முறத்தோடு வாசலில் நின்றாள். ஒருத்தரும் ஏசவில்லை, ஒருத்தரும் ஒரு சொல் சொல்லி அனுப்பவும் இல்லை. அவர் மட்டும் இந்தப் பக்கம் ஒரு தலையசைப்பு, அந்தப் பக்கம் ஒரு தலையசைப்பு என்று போய்க்கொண்டிருந்தார்.

சுராயா மயிலம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'ஏம்மா இந்த வயசுல போறாரு, அன்னைக்கு என்னதான் நடந்திச்சு' என்று அந்தப் பொம்பளை இப்போது ஒரு வார்த்தை கேட்டால் சத்தியத்தை உடைத்துவிடுவது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டாள். பாவம் வந்தால் வரட்டும். தெருவே கேட்கும்படி சொல்லிவிட வேண்டும்.

மயிலம்மாள் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைக்க ஆரம்பித்தாள். தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. ஹலீம் முனை திரும்பிவிட்டார்.